சாரிக்கு அர்த்தம் சொல்கிறவர்

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போகும் ஜாதி வேறு. மன்னிப்பைப் பற்றி இவர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்பதைத் தவிர.

எங்கள் அலுவலக நூலகர் அந்த ஜாதியில் முதல் தரம். பஸ்ஸில் உங்கள் காலை மிதித்துவிட்டு, நீங்கள் முறைத்தால், காலை எடுக்காமலே ஆரம்பிப்பார்: துக்க வீட்டில் 'சாரி' என்றால் அனுதாபம், போனில் சொன்னால் 'இன்னொரு தடவை சொல்லுங்க', இன்னும் சில இடங்களில் 'பரிதாபமான' என்றும் பொருள் உண்டு, ஆகவே நீங்கள் எதிர்பார்ப்பது எந்த சாரி? உங்களுக்கு வேண்டியது கால். அது கிடைக்காது.

போன மாதம் அவருடைய மாமனாருக்குக் கண் ஆபரேஷன். "பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று இவர்தான் வாக்குக் கொடுத்தார். வழியில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பலகையில் எழுத்துப் பிழை. விடுவாரா? கடைக்காரரைத் திருத்திவிட்டுப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை.

அதற்குள் கிழவர், ஒரு கண்ணில் கட்டோடு, தானே கிளம்பிவிடலாம் என்று படியிறங்கி, தடுக்கி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் போன் பண்ண, ஆசிரியையான மகள், அதாவது இவர் மனைவி, வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்தார்.

"அப்பாகிட்ட ஒரு சாரி சொல்லுங்க. அது போதும்."

"சொல்லலாம். ஆனா அது எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா? 'சோர்'னு ஒரு வார்த்தை. புண், வலின்னு அர்த்தம். நிறைய பேர் துக்கம்ங்கிற 'சாரோ'வோட சேத்துக் குழப்பிக்கிறாங்க. அது வேற வேர்..."

"மாப்ளே," என்றார் பெரியவர், "புண்ணு இங்க இருக்கு." வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டினார்.

"கரெக்ட் மாமா! அதேதான்!" என்றார் இவர், மகிழ்ச்சியோடு.

மனைவி அப்பாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார். இவர் ஏறப்போனபோது, "இடமில்லை" என்றார். தாராளமாக இடமிருந்தது.

நான்கு நாளாக வீட்டில் பேச்சில்லை என்று என்னிடம் புலம்பினார்.

"கடைசியில சொன்னீங்களா, இல்லையா?"

"அவ்வளவு விளக்கமா சொன்னப்புறம் தனியா வேற சொல்லணுமா சார்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் கடைசியாக வீட்டில் சாரி சொன்னபோது, அடுத்த வார்த்தை 'ஆனா'வாக இருந்ததா? ஞாபகமில்லையென்றால் விசாரித்துப் பாருங்கள். கேட்டவர்களுக்கு ஞாபகமிருக்கும்.