முனியாண்டி காலடியில் வைத்த டப்பா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், வெட்கம் பிடுங்கும், வைத்துவிடுவேன். ஒரு பக்கம் சாமி விஷயம், இன்னொரு பக்கம் மலம். இரண்டையும் ஒரே தாளில் எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது. (ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

நான் அதிகம் படித்தவன் இல்லை. மலேசியாக்காரன்; வீடு சுங்கை சிப்புட்டில், வேலை ஈப்போவில், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். என் அண்ணன் கல்லீரல் புற்றுநோயில் போனார். வயிறு வீங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவருக்கு இருந்த அதே ஹெபடைட்டிஸ் பி கிருமி என் ரத்தத்திலும் இருந்ததால், நான் தவறாமல் பரிசோதனைக்குப் போய்வந்தேன்.

ஒரு தடவை டாக்டரம்மா, நம்ம தமிழ்ப் பிள்ளைதான், சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“அங்கிள், ஒரு ஆராய்ச்சி நடக்குது. உங்க மலம் கொஞ்சம் வேணும். குடல்ல இருக்கிற பாக்டீரியாவ வச்சு, கல்லீரல் புற்றுநோய ஆரம்பத்துலயே கண்டுபிடிக்க முடியுமான்னு பார்க்கிறோம்.”

“கல்லீரல் எங்க இருக்கு, அது எங்க இருக்கு டாக்டர்?”

“பக்கத்து வீடு மாதிரி அங்கிள். குடல் ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போகுது. கல்லீரல்ல கோளாறுன்னா குடல்ல குடியிருக்கிற பாக்டீரியா கூட்டமும் மாறும். சிலது பெருகும், சிலது குறையும்.”

வீடு வரும்வரை வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கணக்கில்லாத உயிர்கள் எனக்குள் குடித்தனம் நடத்துகின்றன. இத்தனை நாள் அது தெரியாமலே அத்தனை பேருக்கும் சோறு போட்டிருக்கிறேன்.

டப்பாவைக் கொடுக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. என் மனைவி சரோஜா அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். போகும் வழியில் பழைய எஸ்டேட் முனியாண்டி கோயில். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கோயில் மட்டும் நிற்கிறது. புது மோட்டார் சைக்கிள் சாவி, பிள்ளைகளின் பரீட்சைச் சீட்டு என்று எதையும் முனியாண்டி காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் எங்களுக்கு நம்பிக்கை வரும். அன்று வாசலில் நின்றே கும்பிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். பெட்டியைக் காரில் விட்டால் வெயிலில் கெட்டுப்போகுமே என்று அதைக் கையிலேயே வைத்திருந்தேன். (என் புத்திசாலித்தனம் எப்போதும் இப்படி நேரம் பார்த்துத்தான் வேலை செய்யும்.)

பூசாரி அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னலா, வெளியவே நிக்கிற? கையில என்ன?”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுண்ணே.”

“மருந்தா? குடு.”

“இல்லண்ணே, அது வந்து…”

“சாமிகிட்ட என்ன வெட்கம்.” பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

“சொல்லுங்க,” என்றாள் சரோஜா.

“நீ சொல்லு.”

இருவருமே சொல்லவில்லை. பெட்டி முனியாண்டி காலடிக்குப் போய்விட்டது. விபூதி பூசி, பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றி, மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். அங்கிருந்தவர்களில் என் அண்ணன் இறந்த கதை தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்காக மனமுருகிக் கும்பிட்டார்கள். ஒரு அக்கா கண்ணீரே விட்டார். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி (நர்சை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பெட்டியையும் அதன் மேலிருந்த எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார்.

“அங்கிள், உள்ள என்ன, பிரசாதமா?”



பிறகு ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். “உங்க குடல் பாக்டீரியா கூட்டத்துல மாற்றம் தெரியுது அங்கிள். இது ஆராய்ச்சிதான், இத மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. இருந்தாலும் ஸ்கேன தள்ளிப்போட வேணாம், இப்பவே எடுத்துடுவோம்.”

எடுத்தார்கள். கல்லீரலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை, வீக்கம் இல்லை, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். என் அண்ணனுக்குக் கிடைக்காத அவகாசம் எனக்குக் கிடைத்தது. கண்ணும் வாயும் இல்லாத அந்தச் சின்ன உயிர்கள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றித் தள்ளுகிற ஒன்றின் வழியாக எனக்குச் சேதி அனுப்பியிருக்கின்றன. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. இறைவன் எதை எதற்குள் வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

உடம்பு தேறியதும் பூசாரி அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன்.

“அதுவும் அவரு படைச்சதுதானே,” என்றார் பெருந்தன்மையாக. பிறகு எழுந்து போய், பொழுது சாயும்வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கோயிலைக் கழுவினார். இப்போது யார் எந்தப் பெட்டியோடு வந்தாலும், “தொறந்து காட்டு” என்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் என் பிள்ளைகள், “அப்பா, பொட்டு வச்சாச்சா?” என்கிறார்கள்.

எழுதத் துணிந்த காரணம் இதுதான். கதை வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி, டப்பாவைக் கோயிலில் வைத்தாலே புற்றுநோய் போய்விடும் என்று ஆகிவிட்டது. ஈப்போ பக்கம் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஒருவர், “அண்ணே, எந்த நேரத்துல வச்சா நல்லது?” என்று கேட்டார். அவர் வீட்டிலும் கல்லீரல் நோயாளி இருக்கிறாராம். “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே” என்று கெஞ்சினேன்.

ஆகவே, இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, டப்பாவின் மூடியை இறுக்கி மூடியது தான்தான் என்பதை யாரும் விட்டுவிடக்கூடாது என்கிறாள் சரோஜா.