கழட்டி அண்ணன் நிறுத்திய விக்கல்

இலங்கைத் தீவில் கழட்டி அண்ணன் கழற்றாமல் விட்ட ஸ்குரூ என்று ஒன்று இருக்குமானால், அது அவர் கண்ணில் படாத ஸ்குரூவாகத்தான் இருக்க வேண்டும். கை குலுக்கப் போனால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஊரான களுவாஞ்சிக்குடியில் தபால்காரர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

சுனாமி வந்து மூன்றாம் வருஷம். எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்து, வடக்கில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஐந்து கம்ப்யூட்டர்களோடு அண்ணன் கடை வைத்திருந்தார். வேலை தேடுகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் ரவியும் அங்கேயே கிடப்போம். துப்பாக்கி விளையாட்டு அங்கே தடை. ஒருமுறை ஸ்பீக்கரைக் கூட்டிவைத்து விளையாடியதில் எதிர்வீட்டுக் குடும்பம் மொத்தமும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. ஆகவே எங்களுக்குக் கார் ஓட்டம்தான்.

அந்தக் கடையில் சிபியு பெட்டிகள் மேசையில் இருக்காது. எங்கள் தலைக்கு மேலே, தகரக் கூரையை இடிக்கிற மாதிரி ஒரு பலகையில் வரிசையாக இருக்கும். வயர்கள் விழுதுபோலத் தொங்கும். பட்டனை அமுக்க ஒரு நீளத் தடி உண்டு. சுவரில் சுனாமித் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு முழம் விட்டு அண்ணன் அடித்த பலகை அது. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீன் பையில் வீட்டுக் கூரை வளையில் தொங்கிய காலம். கம்ப்யூட்டர் மட்டும் கீழே இருந்தால்தான் அதிசயம்.

வினை ஏறாவூரில் ஆரம்பித்தது. அங்கே ஒரு கடையில், இருவருக்கு இருவர் என்று போட்டி. நானும் ரவியும் மண்ணைக் கவ்வினோம். கூட வந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கட பொடியன்மார் தோக்கல்ல தம்பி. உங்கட மெஷின் விக்குது. கார் நிண்டு நிண்டு போகுது" என்றார்.

அந்த மெஷின்கள் வழுக்கிக்கொண்டு ஓடின என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்களை வென்ற நியாஸ் சிரித்தான். அவர்கள் பேச்சில் அண்ணனுக்குக் காக்கா என்று பெயர்.

"அப்ப சரி காக்கா. ஞாயிறு ரெண்டு மணிக்கு நாங்க உங்கட கடைக்கு வாறம். விக்காத மெஷினக் காட்டுங்க."

"வாங்க!" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரவி மெதுவாகக் கேட்டான். "அண்ணன், நம்மட மெஷின்தானே விக்கிற?"

அதுதான் உண்மை. மத்தியானமானால் எங்கள் கடையில் பாய்ந்து வரும் கார் வளைவில் அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது மதிலுக்குள் இருக்கும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த காலம்; ஏறாவூர் முஸ்லிம் பொடியன்கள் எங்கள் ஊருக்கு விளையாட வருவதே அப்போது பெரிய சங்கதி. அவர்கள் முன்னால் அண்ணனின் சொல் பொய்யாகப் போகிறது. கையில் இருந்தது ஆறு நாள்.

முதல் நாள் வைரஸ்மீது பழி. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். கார் விக்கியது. அடுத்த நாள் செட்டிங்குக்குள் புகுந்தார். பாதையோர மரங்களை வெட்டினார், நிழல்களை அழித்தார், வேடிக்கை பார்க்கும் சனத்தை வீட்டுக்கு அனுப்பினார், கடைசியில் வானத்திலிருந்த மேகத்தையும் எடுத்துவிட்டார். அறுவடை முடிந்த வயல் வட்டை மாதிரி வெறிச்சோடிய நிலத்தில் ஒரே ஒரு கார், அதுவும் விக்கிக்கொண்டு! புதன்கிழமை ராம் அட்டைகளை உருவி, பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தார். விக்கல் கூடியது.

வியாழன் அவருக்கு ஞானம் பிறந்தது. "காலமைக்கு நல்லா ஓடுது, மத்தியானம்தான் விக்குது. அப்ப கரண்டுதான்! எல்லாரும் டிவி நாடகம் பாக்கிற நேரம்."

ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "அக்கா, பத்தே பத்து நிமிசம் டிவிய நூத்துங்க, ஏறாவூர்க்காரன் வாறான்." ஊர் மானம் என்றதும் பெண்கள் நாடகத்தைத் தியாகம் செய்துவிட்டு, விளைவைப் பார்க்கக் கடை வாசலுக்கே வந்துவிட்டார்கள். கார் அவர்கள் கண்முன்னாலேயே விக்கியது. அன்று அண்ணன் வாங்கிய ஏச்சை அச்சில் போட முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. அடடா, கார் பறந்தது! மழை விட்டு வெயில் ஏறியது, விக்கலும் வந்தது. அண்ணன் ஏணி வைத்து ஏறி ஒரு பெட்டியில் கை வைத்தார். "ஆ!" என்று கையை உதறினார். தகரம் காய்ந்து பெட்டி வெந்துகொண்டிருந்தது.

"சூடு அண்ணன்! கீழ இறக்கினாச் சரி!" என்று நான் துள்ளினேன்.

"தண்ணி வந்தா?"

"மூணு வருசமா வரல்லியே."

"அது வந்த நாளுக்கு முதல் நாள் வரைக்கும் வரல்லத்தானே மனே."

அந்தக் கடையிலேயே அவருடைய முதல் இரண்டு கம்ப்யூட்டர்களும் தண்ணீரோடு போயிருந்தன. ஃபேன் கட்டினார், கூரையில் தென்னோலைக் கிடுகு போட்டார், ஈரச்சாக்கு விரித்தார், பெட்டிகளை இறக்க மட்டும் மாட்டேன் என்றார்.

ஞாயிறு வந்தது. நியாஸும் கூட்டாளியும் மோட்டார் சைக்கிளில், செக்பொயின்ட் எல்லாம் தாண்டி, புழுதியோடு வந்து இறங்கினார்கள். ஒழுங்கையே திரண்டுவிட்டது. ஒத்திகை ஓட்டம். முதல் வளைவிலேயே நாலு காரும் விக்கின.

நியாஸ் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைத்தான் கையில் எடுத்தான். "இதுக்கா காக்கா இவ்வளவு தூரம் வந்த?"

அண்ணனின் முகம் செத்துவிட்டது. சுவரில் இருந்த சுனாமித் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தார். பிறகு ஏணியை இழுத்தார்.

யாரையும் தொட விடவில்லை. நாலு பெட்டிகளையும் கைக்குழந்தையை இறக்குவதுபோல ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைக் கழற்றித் தரையில் வைத்தார். நிமிர்ந்து நியாஸிடம் சொன்னார்: "உங்கட மெஷின் விக்கல்ல தம்பி. நான் சொன்னது பொய்."

"தெரியும் காக்கா. அதுக்குத்தானே வந்த" என்று நியாஸ் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான்.

அண்ணன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"எங்க அண்ணன்? ஓட்டத்தப் பாக்கல்லியா?" என்று நான் கேட்டேன்.

"நீங்க ஓடுங்க. நான் கடலப் பாக்கிறன்."

என்ன ஓட்டம் அது! வளைவுகளில் டயர் கிறீச்சிட, கார்கள் தண்ணீரில் விட்ட மீனாகப் பாய்ந்தன. ஜன்னலில் தொங்கிய சனம் யார் எந்த ஊர் என்று பாராமல் எல்லாருக்கும் கத்தியது. மூன்று ஓட்டம், மூன்றிலும் நாங்கள் தோற்றோம். சாக்குச் சொல்ல ஒரு விக்கல்கூட இல்லை! நியாஸ் என்னைக் கட்டிப்பிடித்து, "இன்னொண்டு ஓடுவமா மச்சான்?" என்றான்.

நான் வெளியே ஓடினேன். ஒழுங்கை முடிவில், கொளுத்தும் வெயிலில், கடலைப் பார்த்தபடி அண்ணன் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் வென்றது என்று அவர் கேட்கவில்லை.

"விக்கினதா மனே?"

"இல்ல அண்ணன். ஒருக்காக்கூட இல்ல. இன்னொரு ஓட்டம் கேக்கிறாங்கள்."

"ஓடுங்க, ஓடுங்க. நான் இரிக்கன்" என்றார், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று அந்தி சாயும்வரை நாங்கள் ஓடினோம். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல மெஷின்களில் விளையாடிவிட்டேன். ஆனால் எனக்காக ஒரு மனிதர் கடலையே காவல் காத்தது அந்த ஒரு நாள்தான்.