பரோட்டா சாமி

கோயிலில் கொடுக்கிற குங்குமம் எப்போதும் நெற்றியின் தேவையைவிட அதிகமாகவே இருக்கும். மிச்சத்தைப் பக்கத்துத் தூணில் தேய்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம் (தேய்க்காதீர்கள் என்று அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள், அந்தப் பலகையிலும் குங்குமம் இருக்கும்). இந்தப் பழக்கம்தான் என் முதல் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

வேலை தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். முதலாளி மேடம் ஓங் எப்போதும் வெள்ளைச் சட்டையில்தான் இருப்பார். மரச்சட்டத்தில் வலையை இழுத்துக் கட்டி, அதன் வழியே மையைத் தள்ளிக் காகிதத்தில் ஓவியம் அச்சிடுவார். ஒரு நிறத்துக்கு ஒரு வலை. அன்று மாலை தொடங்கவிருந்த கண்காட்சியின் முக்கியப் படத்தில் இரண்டே சங்கதிகள்தான். மேலே இடது மூலையில் மாம்பழ மஞ்சளில் ஓர் அரைவட்டம். வெகு கீழே கருநீலத்தில் ஒரு மெல்லிய கோடு. மீதி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளை காலி இடம் இல்லை, அதுதான் மஞ்சளைத் தாங்கிப் பிடிக்கிறது என்பார் மேடம். நான் தலையாட்டுவேன். மாதக்கணக்கில் வேலை தேடி அலைந்தவன் எதற்கும் தலையாட்டுவான். இதுவும் போனால் ஊர்க்கோடித் துவாஸில் சித்தப்பாவின் கிடங்கு எனக்காகக் காத்திருந்தது. அதைவிட, சித்தப்பா காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை. கண்காட்சி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தேன். மேடம் கண்ணாடிச் சட்டத்தை வாங்கி வரப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். படம் மேசையில் திறந்து கிடந்தது. “பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். அவ்வளவு வெள்ளையை நான் சுண்ணாம்பு அடித்த கோயில் தூணில்தான் பார்த்திருக்கிறேன். விரலில் பிசுபிசுவென்று மிச்சக் குங்குமம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. வலது கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, பளிச்சென்று ஒரு தீற்று.

ஊதினேன், பரவியது. கைக்குட்டையால் துடைத்தேன், சிவப்பு ரோஜா நிறமாகி இன்னும் அகலமானது. அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் பள்ளி ஆசிரியை, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

“அழுத்தித் தேய்க்காதடா. ரொட்டி இருக்குல்ல, பிரெட்டு, அதோட வெள்ளைப் பகுதிய உருட்டி ஒத்தி ஒத்தி எடு. எங்கேயோ படிச்சேன்.”

“நிச்சயமா படிச்சியா?”

“படிச்ச மாதிரிதான் இருக்கு. கிளாஸ் இருக்கு, வைக்கிறேன்.”

கீழே கோப்பிக்கடைக்கு ஓடினேன். ரொட்டி எல்லாவற்றிலும் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமும் வெண்ணெயும் ஏறியிருந்தன. பரோட்டா போடுகிற அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன தம்பி, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?”

“ஒரு உருண்டை மாவு வேணும்ணே. வேகாத மாவு. எண்ணெய் தொடாததா.”

“எண்ணெய் தொடாத மாவுக்கு இங்க என்னப்பா வேலை?” என்றபடி ஓர் உருண்டையைக் கையில் வைத்தார்.

மாவை என் சட்டையில் துடைத்தேன் (எண்ணெய் போய்விடுமாம்). மாடிக்கு ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒத்தினேன். குங்குமம் உண்மையிலேயே கொஞ்சம் வந்தது. அக்காவை மனதுக்குள் கும்பிட்டேன். அப்புறம்தான் அந்த இடத்தில் ஈரம் மாதிரி ஒரு வட்டம் மெதுவாக விரிவதைக் கண்டேன். காகிதத்தைத் தூக்கிப் பிடித்தால் வட்டத்தின் வழியே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. துவாஸுக்கு எந்தப் பேருந்து என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மேடம் படத்தின் மேல் குனிந்து விரலை நீட்டினார் (அவர் பேசியது ஆங்கிலத்தில், பயத்தில் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது).

“இந்தச் சிவப்பு?”

“குங்குமம், மேடம்.”

“இந்த வட்டம்?”

“பரோட்டா, மேடம்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன்; தோள் குலுங்கியது, சிரிப்பில். பிறகு எழுந்துபோய்ப் பக்கத்து அலமாரியின் இழுப்பறையை இழுத்தார். உள்ளே அதே மஞ்சள் அரைவட்டம், அதே நீலக் கோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. அச்சு ஓவியம் என்றால் பல பிரதிகள் இருக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன்.

“கறைக்காக உன்னை அனுப்ப மாட்டேன். எனக்குப் போன் செய்யாமல் பரோட்டாக் கடைக்குப் போனாயே, அதற்கு அனுப்பலாம்” என்றார். அனுப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் காகிதத்தைத் தொடும் முன்பும் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்ட வேண்டும், பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி.

கெட்டுப்போன பிரதியை அவர் எப்போதும் கிழித்துவிடுவார். அன்றும் எடுத்தார், குங்குமத்தைப் பார்த்ததும் கை நின்றது. “சாமி விஷயத்தை நான் கிழிக்க மாட்டேன்லா. நீயே எடுத்துட்டுப் போ.”

ஈசூனில் எங்கள் வீட்டில் அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார். “குங்குமம் வெச்சாச்சு, எண்ணெயும் காட்டியாச்சு. இதை எப்படிடா கீழ போடறது?” என்று சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பொட்டு உண்டு. விருந்தாளிகள் இது எந்தச் சாமி என்று கேட்டால், அக்கா முகத்தில் சிரிப்பே இல்லாமல், “பரோட்டா சாமி. வேலை போகாம காப்பாத்தும்” என்பாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிற உறவுக்காரப் பிள்ளைகள் இப்போதெல்லாம் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். சம்பள உயர்வு பேசப் போகும் நாட்களில் நானும் கும்பிடுகிறேன், யாரும் பார்க்காதபோது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். தாலி கட்டியதும் மணப்பெண்ணுக்குக் குங்குமம் வைத்தேன். சிந்தாமல், சரியாக வைத்தேன். அப்போது கெட்டிமேளம்கூட அடங்கிப்போன மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மொத்த மண்டபமும் என் விரலில் இருந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஈரத்துண்டோடு பாய்ந்து வந்து, “கையக் காட்டுடா” என்றாள். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த மேடம் ஓங் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.