சந்தேகம் சாரின் வயிற்றுவலி

"வலி எங்கே இருக்கு ஐயா?"

இந்தக் கேள்வியை சந்தேகம் சார் எதிர்பார்க்கவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குள் நுழைவது வரைக்கும்தான் அவர் திட்டம் போட்டிருந்தார். வயிறு இத்தனை பெரிய இடம் என்றும், அதில் வலிக்கு விலாசம் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"இங்கதாம்மா" என்று கை போன இடத்தைக் காட்டினார். கை போனது வலது பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

நர்சிங் மாணவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த இடத்தை மெல்ல அமுக்கினாள். சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று இவர், "அம்மா!" என்றார். அவள் கையை எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் பலமாக, "அம்மா!" என்றார்.

அவள் முகம் மாறிவிட்டது. "பெரிய சிஸ்டர்! கொஞ்சம் வாங்களேன்!"

சந்தேகம் சார் என்பது குடை ஃபேக்டரியில் அவருக்கு வைத்த பெயர். நூறு குடை தைத்து வந்தால் அதில் ஒன்றை உருவி, குழாயடியில் விரித்துப் பிடித்து, ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. "நோட்டீஸைப் பார்க்காதே, நனைஞ்சு பார்" என்பார். ஃபேக்டரி மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தபோது குடும்பத்தோடு அவரும் பெயர்ந்து வந்தார்.

வந்த இடத்தில்தான் மகள் பள்ளிப் படிப்பை முடித்தாள். நர்சிங்தான் படிப்பேன் என்றாள். அரசுக் கல்லூரியில் இடம் வேண்டுமானால் இந்த மாநிலத்தில் இன்னும் சில வருஷம் குடியிருந்திருக்க வேண்டுமாம். மிச்சம் இருந்தது தனியார் கல்லூரிகள். பழைய ஊராக இருந்தால் நாலு பேரிடம் விசாரிக்கலாம். இங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மனைவி, இன்னொருத்தி மகள்.

முதல் கல்லூரி வாசலில் செயற்கை நீரூற்று இருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் மனைவி அதன் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது கல்லூரி மலிவு. ஆனால் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டதற்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டினார்கள். அதற்கும் ஒரு கை இல்லை. மூன்றாவதுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருந்தது, கட்டணமும் கைக்கு அடக்கம். மகள் அன்றைக்கே விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டாள்.

"இருக்கட்டும், பொறு" என்றார் அப்பா. "விலை குறைஞ்ச நல்ல குடையை நான் கண்ணால பார்த்ததில்லை. எங்கேயோ ஒழுகும்."

"அப்பா, நாளைக்கு சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள குடுக்கணும். விட்டா ஒரு வருஷம் போச்சு."

மறுநாள் காலை, வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த மூன்றாவது கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நனைய வந்துவிட்டார்.

பெரிய சிஸ்டர் வந்தார். எதற்கும் அசராத முகம். "அப்பெண்டிக்ஸா?" என்று மாணவியைக் கேட்டார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் சந்தேகம் சாருக்கு வியர்த்தது. சட்டென்று இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்ப இங்க வந்துடுச்சு சிஸ்டர்" என்றார்.

"வலி நகருதா?"

"ஆமா, நகருது. அது பாட்டுக்குப் போயிடும்னு நினைக்கிறேன்."

"நகர்ற வலியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. படுக்க வைம்மா. வாயில பச்சைத் தண்ணி படக்கூடாது." பெரிய சிஸ்டர் வார்டை ஒரு சுற்றுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்த வாரம் என்னதான் ஆச்சோ, ஆம்பளைங்களா வந்து வயித்துவலின்னு படுக்கறாங்க. தண்ணியில ஏதோ கோளாறு இருக்கு."

சந்தேகம் சாருக்குக் கிடைத்தது ஜன்னல் ஓரக் கட்டில். பக்கத்துக் கட்டில்காரர் முனகிய முனகலில் கட்டிலே ஆடியது. ஐயோ பாவம், நிஜமான நோயாளிக்கு நடுவில் நாம் வந்து இடத்தை அடைத்துக்கொண்டோமே என்று இவருக்கு உறுத்தியது. ஆனாலும் வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே.

வேண்டுமென்றே போர்வையைக் கீழே தள்ளினார். மாணவி வந்து எடுத்தாள். அதையே திருப்பிப் போர்த்தாமல் வேறு கொண்டுவந்தாள். மறுபடி தள்ளினார். மறுபடியும் வேறு வந்தது. மணியை அடித்தார், வந்தாள். காரணமே இல்லாமல் அடித்தார், அதற்கும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டாள். ரத்தம் எடுக்க ஊசி குத்தினபோது அவர் முகத்தைச் சுளிக்கத் தயாராக இருந்தார். சுளிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தான், குத்தினதே தெரியலை" என்று பக்கத்துக் கட்டில்காரர் முனகலை நிறுத்திவிட்டுச் சொன்னார். "யாரும்மா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க பெரிய சிஸ்டர்தான் ஐயா."

"அடேயப்பா!" என்றுவிட்டு அவர் விட்ட இடத்திலிருந்து முனகத் தொடங்கினார்.

சந்தேகம் சார் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, உங்க காலேஜ்ல ஃபீஸ் ஏன் இவ்வளவு கம்மி?"

"கட்டடத்தைப் பார்த்தீங்கல்ல? பெயிண்ட் அடிச்சு எவ்வளவோ வருஷம் ஆச்சு. அந்தக் காசெல்லாம் எங்களுக்குத்தான் மிச்சம்" என்று சிரித்தாள்.

அவ்வளவுதான். குடை ஒழுகவில்லை. சந்தேகம் சாருக்கு மனம் நிறைந்தது, வயிறுதான் காலி. இனி வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வந்து விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எழுந்து உட்கார்ந்தார். "வலி போயிடுச்சும்மா. சுத்தமா போயிடுச்சு. நான் கிளம்பறேன்."

மாணவி ஓரடி பின்வாங்கினாள். "திடீர்னா போச்சு?"

"ஆமாம்மா, விளக்கை அணைச்ச மாதிரி."

"பெரிய சிஸ்டர்!" என்று கத்தினாள். "வலி திடீர்னு போயிடுச்சாம்! உள்ளே வெடிச்சிருந்தா அப்படித்தான் போகும்னு பாடத்துல இருக்கு!"

நன்றாகப் படிக்கிற பெண்ணிடம் மாட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை. "போகலைம்மா, வலி இருக்கு, இருக்கு!" என்று அலறினார். "போய்ட்டுத் திரும்பவும் வந்துடுச்சா?" என்று பெரிய சிஸ்டர் இன்னும் வேகமாக நடந்து வந்தார். ஸ்கேனுக்குச் சொன்னார்கள். ஆபரேஷன் டாக்டருக்குச் சொன்னார்கள். சீட்டு போடும்போது அவரே கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டு வீட்டுக்கும் சொன்னார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் விட்டு அழவும் முடியாது.

மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பையில் துணிமணி, இன்னொரு பையில் தலையணையுடன் வந்து சேர்ந்தாள். "என்னங்க இது! வேலைக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க! நடுரோட்டுல விழுந்தீங்களா?"

"விழலை, விழலை. கத்தாதே."

"பேசாதீங்க! உள்ளே வெடிச்சிருக்காம்!"

புழுக்கத்தில் அவருக்கு விசிறிவிட எதையோ தேடினாள். மகள் கையில் இருந்த காகிதத்தை வாங்கி விசிறினாள். காற்று நன்றாகத்தான் வந்தது. நாலாவது விசிறலில்தான் அது என்ன காகிதம் என்று அவர் கண்ணில் பட்டது.

"இதை இன்னும் குடுக்கலையா? ஆபீஸ் மூடற நேரமாச்சே!"

மகள் அழுதழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். அப்பாவின் கால் பக்கம் உட்கார்ந்தாள். "வேண்டாம்ப்பா. உங்களுக்கு ஆபரேஷன்னா எவ்வளவு ஆகுமோ. நான் அப்புறமா படிச்சுக்கறேன். நம்ம தெரு முனைத் துணிக்கடையில ஆள் வேணும்னு போர்டு மாட்டியிருக்கு, வர்ற வழியிலேயே கேட்டுட்டேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

சந்தேகம் சாருக்கு அன்றைக்கு முதல்முறையாக நிஜமாகவே வலித்தது. வயிற்றில் இல்லை, கொஞ்சம் மேலே. இந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் பார்க்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, இருந்த இடத்தையும் கெடுத்து, துணிக்கடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே!

தள்ளுவண்டி வந்துவிட்டது. ஸ்கேனுக்குப் போனால் ஆபீஸ் மூடிவிடும்.

"எனக்கு ஒண்ணும் இல்லை!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "வலியே இல்லை! காலையிலேருந்தே இல்லை! பொண்ணைச் சேர்க்கிற இடமாச்சே, எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு சோதிக்க வந்தேன். பொய்! எல்லாமே பொய்!"

பக்கத்துக் கட்டில் முனகல் பட்டென்று நின்றது.

மனைவி தலையணையை ஓங்கினாள். எடுத்து வந்ததற்கு அதுவாவது உபயோகப்படட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. மாணவி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் தனியா பார்த்த முதல் கேஸ் ஐயா நீங்க" என்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் அவர். "நீ அவ்வளவு நல்லாப் பார்த்ததாலதான் என் பொண்ணை இங்கேயே விடணும்னு தோணுச்சு. உன்னை மாதிரி அவ ஆனா எனக்குப் போதும்."

மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். எதிர்க் கட்டிலைப் பார்த்தார். அப்படியே வரிசையாகக் கடைசிக் கட்டில் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார். "காலேஜ் அட்மிஷன் ஆபீஸ் இந்த வராந்தாவோட கடைசிக் கதவு. இப்ப பூட்டிடுவாங்க!"

சந்தேகம் சார் மனைவியின் கையிலிருந்து விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தார். செருப்பைத் தேடக் குனிந்து நிமிர்ந்தபோது வழியை மறித்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரர் நின்றுகொண்டிருந்தார். தலை வாரியாகிவிட்டது, போர்வை மடித்தாகிவிட்டது, அக்குளில் ஒரு ஃபைல். அவருக்குப் பின்னால் வார்டு நெடுகக் கட்டில்கள் கிரீச் கிரீச்சென்று காலியாகிக்கொண்டிருந்தன.

"தள்ளாதீங்கண்ணே, வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல? என் பொண்ணுக்காக நான் நேத்தே வந்து படுத்துட்டேன்."