கிறெப் சுட்டவரிடம் கல்லூரியை விசாரித்த கதை

ஒரு கல்லூரி தரமானதா என்று அறிய நான் ஒரு முறை வைத்திருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதன் பெயரைப் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பதினைந்து பேரிடம் சொல்லிப் பார்ப்பேன். பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் தரம்.

2011இல் என் மகள் மதுரா தேர்ந்தெடுத்த சின்னப் பொறியியல் கல்லூரியை ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. (அவர் இரண்டு வருடம் அதற்குப் பக்கத்துப் பிட்சாக் கடையில் வேலை செய்தவர். அதைக் கட்டடக் கம்பனி என்று நினைத்திருந்தாராம்.)

"என்ன அண்ணை, பிள்ளை கெட்டிக்காரி எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவம் கேட்டார். எனக்கு மூன்று நாள் நித்திரை இல்லை.

அந்தக் கல்லூரி ஆண்டுக்கு அறுபது பேரை மட்டும் எடுக்கும். முதல் வருடத்திலேயே பட்டறையில் ரோபோவைக் கழற்றிப் பூட்ட விடுவார்கள். மதுராவுக்கு அதுதான் வேண்டும். நான் வற்புறுத்தி விண்ணப்பிக்க வைத்த பெரிய கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் அவள் நாற்பத்தோராவது. எனக்கு அதுதான் வேண்டும். நாற்பது பேருக்கு நல்ல புத்தி வந்து விலகிவிட மாட்டார்களா என்று தினமும் காத்திருந்தேன்.

சின்னக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. ரயிலில் மதுரா ஒரேயொரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, நீங்கள் வாசல்லை நிண்டால் காணும். உள்ளை வந்து ஒருத்தரோடையும் கதைக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். எட்டு நிமிடம் காப்பாற்றினேன். பிறகு மழை வந்தது.

மழை ஒரு சாட்டுத்தான். யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்போம். வீட்டுக்காரரிடம் கேட்டால் உண்மை வராது. அடுப்படியில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். என் இரண்டு தங்கைகளுக்கும் அப்படித்தான் விசாரித்தேன், இரண்டும் நல்ல இடம். ஒரு கல்லூரியை விசாரிக்க என்னைவிடத் தகுதியான ஆள் பாரிசில் இருக்கவில்லை.

உள்ளே மாணவர் சங்கத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நீல அணி, மறுபக்கம் மஞ்சள் அணி. வாக்குக் கேட்பதற்காக எல்லோருக்கும் கிறெப், அதாவது பிரெஞ்சுக்காரரின் இனிப்புத் தோசை, கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன் பசு வேடத்தில் திரிந்தான். எண்ணினேன். நூலகத்தில் ஒன்பது பேர் (பசு உட்பட). கிறெப் வரிசையில் முப்பத்தொரு பேர். கொப்பியில் குறித்தேன்.

கிறெப் சுட்டவர் ஐம்பது வயதுக்காரர். ஏப்ரன் கட்டி, தலையில் மஞ்சள் காகிதத் தொப்பி வைத்திருந்தார். அடுப்படி ஆள் அகப்பட்டுவிட்டார்! என் பிரெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"இதில் முட்டை சேர்த்திருக்கிறதா?"

"முட்டை இல்லாமல் கிறெப்பா, முசியே?"

"அப்படியென்றால் வேண்டாம், இன்று வெள்ளிக்கிழமை. இந்தப் பிள்ளைகள் படிப்பதுண்டா, அல்லது நெடுக இதுதானா?"

"படிப்பார்கள். பசுதான் போன வருடம் முதலாவது."

"ஆசிரியர்கள் நேரத்துக்கு வருவார்களா?"

"ஒருவர் பிந்துவார். சைக்கிளில் வருகிறவர்."

"படிப்புக்குப் பொறுப்பான டைரக்டர் எப்படி?"

"சுமாரான ஆள். ஆனால் நன்றாகச் சமைப்பார்."

அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்து அதிபர் தன் தேநீர்க் கோப்பையைத் தானே தூக்கியதை ஏழு வருடத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை. டைரக்டர் தோசை சுடுவார் என்று யார் நினைப்பது?

மனிதர் பிடித்துப்போய்விட்டார். குரலைத் தாழ்த்தினேன்.

"உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என் மகளுக்குப் பெரிய கல்லூரி ஒன்று கிடைக்கும். இது சும்மா கைகாவலுக்கு, அது தவறினால் இருக்கட்டும் என்று."

அவர் கிறெப்பைத் திருப்பிப் போட்டார். "மகளின் பெயர்?"

சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

அவர் ஏப்ரனைக் கழற்றினார். கையைக் கழுவினார். தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு, மதுராவைக் கூப்பிட்டிருந்த அதே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அவர்தான் எங்கள் டைரக்டர், முசியே," என்றது பசு.

நேர்முகம் இருபது நிமிடம் என்று கடிதத்தில் இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. தரை ஓடுகளை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் வேறு வேறு தொகை வந்தது. (அதற்கு முன் எனக்கு அப்படி நடந்ததில்லை.)

மதுரா வெளியே வந்து என் தொப்பியைப் பார்த்தாள்.

"கைகாவல் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"பேரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னனீங்களாம்."

"பிழை வந்திடக் கூடாதெண்டு..."

மீதியை ரயிலில் பிரெஞ்சில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் காணாது. முதலாவது கேள்வியே, "நாங்கள் கைகாவலாமே?" என்பதுதானாம். இவள் சொல்லியிருக்கிறாள்: "அப்பாவுக்குக் கல்லூரியின் பெயர்தான் தெரிய வேண்டும். நான் மூன்று தடவை தனியாக வந்து உங்கள் பட்டறையைப் பார்த்தேன். மற்றப் பட்டியலிலிருந்து இன்று காலை விலகிவிட்டேன்."

நாற்பது பேர் விலகுவார்கள் என்று நான் காத்திருந்தேன். விலகியது நாற்பத்தோராவது ஆள்! இதுவும் போனால் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. கைகாவல் என்று நான் தட்டிவிட்டது அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே இடத்தை.

முடிவு வரப் பதினெட்டு நாள். அதற்குள் மனைவி என்னுடன் பேசியது மொத்தம் பதினொரு சொற்கள். அவற்றில் எட்டு, நான்கு தடவை சொன்ன "பேசாமல் இருங்கோ".

இடம் கிடைத்தது. கடிதத்தின் அடியில் டைரக்டர் கையால் எழுதியிருந்தார்: "தந்தையாருக்கு என் வணக்கம். சைக்கிளில் பிந்தி வருகிறவரும் நான்தான்."

மதுரா அங்கே ஐந்து வருடம் படித்துப் பொறியியலாளர் ஆகிவிட்டாள். மூன்றாம் வருடத் தேர்தலில் அவளே கோழி வேடம் போட்டாள். நான் படம் எடுத்தேன். இப்போது சென் தெனி, ஆர்ஜொந்தெய் என்று புறநகர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் பிள்ளைகளின் கல்லூரி பற்றி என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். சின்னக் கல்லூரியின் சிறப்புகளை ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு, தடுமாறாமல் அரைமணி நேரம் சொல்லுவேன். என்னைவிட விபரம் தெரிந்தவர் இங்கே குறைவு.

ஆறாவதுக்கு வரும்போது, மதுரா வீட்டில் நின்றால், குசினிக்குள்ளிருந்து குரல் வரும்:

"அப்பா, வந்திருக்கிறவர் ஆரெண்டு முதல்லை கேட்டனீங்களோ?"