சுருங்காத அலுமினியம்

நீங்கள் செய்த ஒரு தவறை, யாரும் கேட்பதற்கு முன்பே நீங்களாகப் போய்ச் சொன்னது கடைசியாக எப்போது? யோசித்துக்கொண்டே படியுங்கள்.

நேற்று முன்தினம், சனிக்கிழமை, எனக்கு இடப்பட்ட வேலை எளியது. என் மனைவியின் அண்ணன், பனியன் கம்பெனி நடத்தும் என் மச்சான், பழைய அலுமினிய வண்டி ஒன்று வைத்திருக்கிறார். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவது. உள்ளே கட்டில், அடுப்பு, இருபக்கமும் ஜன்னல். சக்கரம் வைத்த வீடு. என்னைவிட வயதில் மூத்தது. அதன் டயர்களுக்குக் காற்று அடித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் மச்சானும் அவர் மனைவி ருக்மணி அக்காவும் அதில் தனுஷ்கோடி போவதாக ஏற்பாடு. கல்யாணமான புதிதில் மனைவிக்கு அவர் கொடுத்த வாக்கு அது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு ஷிப்மெண்ட் குறுக்கே வந்தது. மகள் கல்லூரியே முடித்துவிட்டாள். அக்கா இன்னும் கடலைப் பார்க்கவில்லை.

இருவரும் பழனிக்குப் போய்விட்டு ஞாயிறு மாலை திரும்புவார்கள். கிளம்பும்போது மச்சான் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வலது பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்குதுங்க மாப்ள. அதை மட்டும் அவுத்துறாதீங்க. பாலீஷ் போட்டிருக்குது, தூசி படக் கூடாது."

சொன்ன சொல்லைக் காப்பவன் நான். அவிழ்க்கவில்லை.

பிறர் தைத்த துணியில் குறை கண்டு அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில். தினமும் காலையில் ஃபோனில் உங்களுக்கு ஓர் அறச்சிந்தனை அனுப்புவது என் தொண்டு. அன்று அனுப்பியது, "மறைத்த குறை வளரும்" என்பது. அதற்கு எத்தனை பேர் கைகூப்பியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே, என் காரில் மாட்டிய வண்டியைத் திருப்பினேன்.

மச்சான் வீட்டு வாசல் வேப்பமரம் அசையவில்லை. வண்டியின் இடது பக்கம்தான் அசைந்து கொடுத்தது.

இரண்டு அலுமினிய பேனல்கள் உள்வாங்கிவிட்டன. கன்னத்தில் குழி விழுவதில்லையா, அதைப் போலத்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். கன்னக்குழிக்குள் என் முழங்கை போயிற்று.

"மச்சான், இடிச்சுட்டேனுங்க." இரண்டே சொற்கள். சொல்லியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். நான் சப்பாத்திக் கட்டையை எடுத்தேன்.

உள்ளிருந்து தட்டினேன். ஒரு பள்ளம், ஒரு பள்ளமும் இரண்டு மேடுகளும் ஆயிற்று. பயந்துபோய், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஆறுமுகத்தை வரவழைத்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, அலுமினியம் தட்டத் தட்ட விரியும் என்றார். அப்புறம் சப்பாத்திக் கட்டையைப் பார்த்தார்.

"நீங்க தேய்ச்சது போதுமுங்க. பேனலையே மாத்தோணும். இருபத்துநாலு கேஜ் ஷீட் வாங்கி வெய்ங்க, நாளைக்கு வந்து ரிவெட் அடிச்சுத் தர்றேன்."

என் ஃபோனில் இரண்டு செல்வராஜ்கள். ஒருவர் இரும்புக் கடையில் உலோகத் தகடு விற்பவர். இன்னொருவர் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். கண்ணாடி போடாமல் ஒருவரை அழைத்தேன். இருபத்துநாலு கேஜில், சில்வர் கலரில், மூன்றடிக்கு நாலடி, இரண்டு பேனல் வேண்டும் என்றேன்.

"ரெடியா இருக்குதுங்கண்ணா. எதுக்குங்க?"

வண்டிக்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சான் காதுக்குப் போகும். "அதை மட்டும் கேக்காதீங்க தம்பி" என்றேன்.

"சரிங்க. ஓரம் மடிச்சுத் தந்துறட்டுங்களா?"

"மடிச்சே குடுங்க. கையைக் கிழிச்சுரும்."

வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா என்று கேட்டேன்.

"சாயம் போகாதுங்கண்ணா, சுருங்காது. நான் கேரண்டி."

சுருங்காத அலுமினியம்! இவ்வளவு நேர்மையான வியாபாரியை நான் கண்டதில்லை. திங்கட்கிழமைச் சிந்தனைக்கு அவரையே உதாரணமாகக் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் பார்சல் வந்தது. ஒரு விரலில் தூக்க முடிந்தது. அறிவியல் எங்கேயோ போய்விட்டது என்று வியந்துகொண்டே பிரித்தேன்.

பனியன் துணி. சில்வர் கிரே. நான்கு ஓரமும் மடித்து அழகாகத் தைத்திருந்தது. எங்கள் ஊரில் பேனல் என்றால் வெட்டிய துணி. கேஜ் என்றால் தகட்டின் கனமல்ல, பின்னல் மெஷினின் ஊசிக் கணக்கு. இருபது வருடம் துணியில் குறை கண்டவன், கேட்டதைத்தான் பெற்றேன். பழக்கத்தில், குறை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். இல்லை.

ரிவெட் அடிக்க வந்த ஆறுமுகம் துணியைத் தூக்கிப் பிடித்தார். "இதுக்கு நான் எதுக்குங்க? டெய்லரக் கூப்புடுங்க" என்று போய்விட்டார்.

வாசலில் கார் சத்தம். வேறு வழியில்லை, இரண்டு துணிகளையும் பள்ளத்தின் மேல் இழுத்துக் கட்டினேன். ஜன்னலும் சேர்ந்தே மறைந்தது.

மச்சான் இறங்கி வந்து துணியை இரு விரலுக்கிடையே தேய்த்தார். "இருபத்துநாலு கேஜு" என்றார். பிறகு என் தோளைப் பிடித்தார். "ஜன்னலுக்கு வெயில் படாமத் திரை தெச்சிருக்கீங்களா மாப்ள? எனக்குக்கூடத் தோணலைங்க." அவர் கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வேளை வாய்க்காது. "ஆமாங்க மச்சான்" என்றேன்.

அக்கா பைகளை உள்ளே வைக்கப் போனார். வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மச்சான் எதிரில் நின்றார்.

"ஏனுங்க, அங்க போனா ரெண்டு பக்கமும் கடலுன்னு சொல்லித்தானுங்க கூட்டிட்டுப் போறீங்க? நீங்க ஒரு பக்கம் மூடி வெச்சிருக்கறீங்க, தம்பி ஒரு பக்கம் மூடி வெச்சிருக்குது. நான் எந்தப் பக்கமுங்க பாக்கறது?"

சொல்லிக்கொண்டே தார்ப்பாயை அவிழ்த்தார். பாலீஷ் இல்லை. என்னுடையதைவிட ஆழமான பள்ளம் இருந்தது.

"தென்னமரத்துல இடிச்ச அன்னைக்கே அடுக்களை ஜன்னல்ல பாத்துட்டேனுங்க. இவரா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார் என்னிடம்.

மச்சான் பழனி இருக்கும் திசையைப் பார்த்தார். நானே போய் என் துணியை அவிழ்த்தேன். "வேப்பமரமுங்க" என்றேன்.

நசுங்கிய வண்டியிலேயே போவதாகவும், பேனலைத் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் அக்கா முடிவு சொன்னார். பிறகு என்னிடம் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டார். இடப்பக்கம் நான் ஒட்டினேன். வலப்பக்கம் மச்சான் ஒட்டினார். இன்று காலை அம்புக்குறிகளோடும், இருபக்கமும் திறந்த ஜன்னல்களோடும் வண்டி புறப்பட்டது.

அன்பர்களே, நீங்களும் எங்கோ ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டியிருப்பீர்கள். அதன் பின்னால் யாரோ ஒருவருடைய கடல் மறைந்திருக்கிறது. நாளைக்கு வேண்டாம். இன்றே, இப்போதே ஃபோனை எடுத்துச் சொல்லிவிடுங்கள். நானும் எடுக்கிறேன். வண்டி தாராபுரம் தாண்டுவதற்குள் மச்சானிடம் சொல்லியாக வேண்டும்.

டயருக்கு நான் காற்று அடிக்கவே இல்லை.