இருபத்திரண்டு வாளிக் கடல்

எதையும் எண்ணி வைத்துக்கொள்கிறவன் தப்பு செய்ய மாட்டான் என்று அறுபத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மாடிப்படி பத்தொன்பது. வீட்டிலிருந்து தல்லாகுளம் பஸ் ஸ்டாப்புக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு (மழைக்காலத்தில் பள்ளத்தைச் சுற்றிப் போனால் நானூற்று முப்பது). என் மனைவி சரோஜா ஒரு நாளைக்கு எத்தனை முறை "சும்மா இருங்க" என்கிறாள் என்பதும் கணக்கில் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த நம்பிக்கை உப்புத் தண்ணீரில் கரைந்து போனது.

கடல் மீன் தொட்டி என்னுடையது அல்ல, மாப்பிள்ளையுடையது. கம்பெனி அவரை ஆறு மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்பியது. மகள் கவிதாவும் கூடப் போனாள். தொட்டியை ரயிலில் ஏற்ற முடியாதே, அது எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஏழு மீன்கள். அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், கல்யாணமான முதல் வருடம் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வாங்கியவை. மாப்பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பது வார்த்தை பேசுவார். முப்பது மீனைப் பற்றி இருக்கும். மீதிப் பத்தில்தான் நாங்கள் எல்லோரும்.

நீல மீன் ஒன்று வளர்ந்துவிட்டதால் பெரிய தொட்டி வேண்டும் என்று சென்னையில் சொல்லிச் செய்து அனுப்பியிருந்தார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். சனிக்கிழமை தானே வந்து மீன்களை மாற்றிவிடுவதாக போனில் சொன்னார். கூடவே, "நீங்க எதையும் தொடாதீங்க மாமா" என்றார். நான்கு வார்த்தை.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு தொட்டித் தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு மாற்றத் தெரியாதா? அதுவும் சனிக்கிழமை! சனிக்கிழமை யாராவது புது வீடு புகுவார்களா? மீனாக இருந்தாலும் வீடு வீடுதானே. (சரோஜா இதைச் சொல்லவே இல்லை. பழியை அவள் மேல் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.) காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை, பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம். மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது ஏழு மீனும் புதுத் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஒரு பத்து வார்த்தையாவது என்னைப் பாராட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துப் போயிருந்த பதினான்கு பக்கக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். கேன் தண்ணீரில் கடல் உப்புத் தூளைக் கலந்து முந்தின நாளே பதினான்கு வாளி தயார் செய்தேன். பழைய தொட்டியில் எடுக்க வேண்டியது எட்டு வாளி. ஆக மொத்தம் இருபத்திரண்டு. வாளிக்குப் பதினைந்து லிட்டர். புதுத் தொட்டியின் கொள்ளளவை நீள அகல உயரத்தைப் பெருக்கிக் கண்டுபிடித்து, மூன்று முறை சரிபார்த்தேன். இருபத்திரண்டு வாளி ஊற்றினால் விளிம்புக்கு ஒரு விரற்கடை மிச்சம் இருக்கும். கச்சிதம். தொட்டிக்குள் அடுக்க வேண்டிய பதினான்கு பவளப் பாறைக் கற்களையும் ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து டைரியில் எழுதினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எழுதினேன்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. வெயில் மட்டும் திரும்பிப் போகவில்லை. பத்தே முக்காலுக்குச் சரோஜா புதுத் தொட்டியின் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். ஏழு மீன்களையும் பழைய தண்ணீரோடு இரண்டு வாளிகளில் விட்டு, வாளிக்கொரு காற்றுக் குழாய் போட்டேன். குழாய்க்குக் கரண்ட், தொட்டிக்குக் கீழே தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து. பேட்டரி பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி மாப்பிள்ளை குறிப்பின் ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தார். தல்லாகுளத்தில் பகலில் கரண்ட் எங்கே போகிறது என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டிருந்தேன்.

அடியில் மணலை மெல்லிசாகப் பரப்பினேன். இருபத்திரண்டு வாளியையும் ஊற்றினேன். ஒரு விரற்கடை மிச்சம் நின்றது. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா?" என்றேன். பார்த்தாள். பிறகு கற்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினேன்.

ஒன்பதாவது கல்லில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நடுங்கியது. நல்ல நேரம் முடியப் பதினொரு நிமிடம்தான் இருந்தது, நின்று யோசிக்க நேரமில்லை. பத்தாவது கல்தான் இருப்பதிலேயே பெரியது, ஆறரைக் கிலோ. இரண்டு கையையும் தோள் வரை உள்ளே விட்டு இறக்கினேன்.

கடல் வெளியே வந்தது.

முதலில் என் வேட்டிக்கு, பிறகு தரைக்கு, பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு, அங்கிருந்து சுவரில் தாழ்வாக இருந்த பிளக் பாயிண்டுக்கு. பட்டென்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. பிரிட்ஜ் நின்றது. இரண்டு காற்றுக் குழாயும் கடைசியாக ஒரு குமிழி விட்டு ஓய்ந்தன. ரப்பர் செருப்பு மாட்டி, மர ஸ்டூலில் ஏறி, துடைப்பக் கட்டையால் மெயினைத் தூக்கினேன். விழுந்தது. திரும்பத் தூக்கினேன். திரும்ப விழுந்தது. எலக்ட்ரீஷியன் முருகேசனுக்குப் போன் போட்டால், "பரவையில ஒரு வீட்டுல வேலையா நிக்கேன் சார், ஒரு மணி நேரத்துல வாரேன்" என்றான்.

ஒரு மணி நேரம். பழைய தொட்டி காலி. புதுத் தொட்டியில் மணல் கலங்கி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, மீனை அதில் விடக் கூடாது என்று குறிப்பில் அடிக்கோடு. வாளியிலோ காற்று இல்லை. கால் மணி நேரத்தில் ஏழும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. பெரிய கோமாளி மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நிமிடத்துக்கு எத்தனை தடவை வாய் திறக்கிறது என்று எண்ணினேன்.

"தொண்ணூத்தியாறு" என்றேன்.

"எண்ணினா மூச்சு வந்துருமா?" என்றாள் சரோஜா.

கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு பித்தளைச் செம்போடு வந்தாள். பித்தளையில் செம்பு கலந்திருக்கிறது, கடல் மீனுக்கு விஷம், மூன்றாம் பக்கம் என்று கத்தினேன். (அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.) எவர்சில்வர் டம்ளரை எடுத்து, வாளித் தண்ணீரை முகந்து, கையை உயர்த்தி, காபி ஆற்றுவது போல மேலிருந்து வாளிக்குள்ளேயே ஊற்றினாள். நுரை பொங்கியது. மீன்கள் அந்த நுரையைத் தேடி வந்தன. ஆனால் வாளி இரண்டு, அவளுக்கோ தோள்பட்டை வலி. நான் ஆற்றினால் பாதி தரையில் விழுந்தது. ஐந்து நிமிடம் பார்த்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய், தெருமுனை டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

டீ மாஸ்டர் செல்வம் தன் இரண்டு எவர்சில்வர் குவளைகளோடு பத்தொன்பது படியும் ஏறி வந்தார். பாலும் சர்க்கரையும் போக அவற்றை ஐந்து முறை கழுவச் சொன்னேன். மாஸ்டர் இல்லாத கடையில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வாடிக்கையாளர்கள் நான்கு பேரும் கூடவே வந்து ஹாலில் நின்றார்கள்.

"எம்புட்டு நேரம் ஆத்தணும் சார்?" என்றார் செல்வம்.

"கரண்ட் வர்ற வரைக்கும்."

"குடிச்சுட்டுக் குறை சொல்றவுக யாருமில்லையே. அப்பச் சரி."

அதன் பிறகு நான் பார்த்தது ஒரு வித்தை. வலது கை தலைக்கு மேல், இடது கை இடுப்புக்குக் கீழ். இடையில் ஒரு கஜத்துக்குக் கடல் கயிறாக இறங்கியது. கீழ்க் குவளையிலிருந்து நுரையோடு வாளிக்குள் போனது. ஒரு வாளி முடிந்தால் அடுத்த வாளி. ஒரு சொட்டு வெளியே விழவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "மாஸ்டர், எனக்கு உப்பு கம்மியா" என்றார். நான் அவரை முறைத்தேன். சாய்ந்த மீன் நிமிர்ந்தது. எண்ணினேன். எண்பத்திரண்டு. பிறகு எழுபத்தொன்று.

அந்த நேரம் பார்த்துக் கவிதாவிடமிருந்து வீடியோ கால். நான் எட்டுவதற்குள் சரோஜா எடுத்துவிட்டாள். எடுத்ததோடு போனை அப்படியே ஹால் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, ஏன் நம்ம ஹால்ல டீக்கடை போட்டிருக்கீங்க?" என்றாள் மகள்.

அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் முகம் வந்தது. குங்குமப் பொட்டு வைத்த தொட்டியைப் பார்த்தார். நனைந்த வேட்டியில் நிற்கும் மாமனாரைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார், பார்வை அதிலேயே நின்றது. நான் பதினேழு வரை எண்ணினேன்.

"இன்னும் கொஞ்சம் உயரத்துலேருந்து ஊத்தச் சொல்லுங்க மாமா" என்றார்.

செல்வம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரு சார் அது, எனக்கு ஆத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்றவர், கையை மட்டும் ஒரு சாண் உயர்த்தினார்.

ஒரு மணி நேரம் என்ற முருகேசன் ஒன்றே கால் மணி நேரத்தில் வந்தான். நனைந்த லைனைக் கழற்றிவிட்டு மெயினைப் போட்டான். காற்றுக் குழாய்கள் உயிர் பெற்றன. செல்வம் குவளைகளைக் கீழே வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டார். நான் தொட்டி செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அளவைக் குறைத்து ஏமாற்றிவிட்டான் என்றேன். டேப்பை எடுத்து முருகேசன் முன்னாலேயே அளந்தும் காட்டினேன். நாலடி. ஒன்றரை. இரண்டு. ஒரு நூல் குறையவில்லை.

முருகேசன் தொட்டியைப் பார்த்தான். வெளியே காத்திருந்த நான்கு கற்களைப் பார்த்தான். மெதுவாக, "சார், கல்லுக்கு இடம் விடலையா?" என்றான்.

ஹாலில் ஏழு மீன், எட்டு மனிதர். எல்லோரும் அந்த நான்கு கற்களைப் பார்த்தோம். (இன்னும் வைக்காத போனிலிருந்து கவிதா சிரிப்பை அடக்கும் சத்தம்.)

முருகேசன் என் பழைய மாணவன். "தண்ணியில ஒரு பொருளை முக்கினா, அது தன் கன அளவுக்குத் தண்ணிய வெளியே தள்ளும். இதத்தான் சார் பரீட்சையில கேட்டிருந்தீங்க. நான் சரியாத்தான் எழுதினேன், படம் போடலைன்னு ஒரு மார்க் குறைச்சீங்க. முப்பத்தஞ்சு இருந்தா பாஸ், எனக்கு முப்பத்துநாலு. வந்து கேட்டதுக்கு, ரெண்டு தடவை எண்ணிட்டேன், கூட்டல் சரின்னுட்டீங்க" என்றான். கோபமாக அல்ல, பழைய விலாசத்தை நினைவுபடுத்துவது போலச் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்பவாச்சும் அந்த ஒரு மார்க்கப் போடுங்க சார்" என்றான்.

டைரியில், கற்களின் எடைக்குக் கீழே, முருகேசன் 35 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். ரொம்ப நாள் அந்தத் தாளைக் கருவிப் பையிலேயே வைத்திருந்தானாம்.

மாலை ஐந்தரைக்குத் தண்ணீர் தெளிந்த பிறகு, மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல, சரோஜா மீன்களைப் புதுத் தொட்டியில் விட்டாள். நல்ல நேரமா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏழும் நீந்தின. சனிக்கிழமை வந்த மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பேட்டரி பம்பை எடுத்து மேஜையில் வைத்தார். கடைக்குப் போய் செல்வத்தோடு அரை மணி நேரம் பேசினார். அரை மணி நேரம்!

அன்றிலிருந்து எனக்குக் காபி ஒரு விரற்கடை குறைவாகத்தான் வருகிறது. ஏன் என்று கேட்டால், "சர்க்கரைக்கு இடம் விட்டிருக்கேன்" என்கிறாள் சரோஜா. பேத்திக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. நான் குளிக்கப் போனால், "தாத்தா, வாளி ரொம்பிருச்சா?" என்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மகளும் மாப்பிள்ளையும் மதுரைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். ஊருக்குப் போகும்போது மட்டும் தொட்டியை எங்கள் பொறுப்பில் விடுகிறார்கள். குறிப்பு இப்போது பதினைந்து பக்கம். பதினைந்தாம் பக்கத்தில் நான்கே வரி:

இரை போடுவது: அத்தை.
கரண்ட் போனால்: செல்வம் அண்ணன்.
மற்ற எதுவானாலும்: முருகேசன்.
மாமா: எண்ணலாம்.

இன்று காலையும் எண்ணினேன். ஏழு.